வயிற்றில் வைத்த எலும்பு

நடுப்பகலில் பூங்கோதை கம்மாபுரத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி, ஆஸ்பத்திரியின் பில்லிங் கவுண்டர் முன்னால் நின்றாள். உள்ளே கௌரிசங்கர். விருத்தாசலம் கடைத்தெருவில் பீங்கான் கப்பு விற்றவரின் மகன். கீறல் விழுந்த கப்பை நல்ல கப்புகளுக்கு நடுவில் சொருகித் தள்ளும் வித்தையை அப்பாவிடம் கற்று, இங்கே மனுஷர்களிடம் காட்டிக்கொண்டிருந்தான்.

“எங்க வூட்டுக்காரரு காலைல போயிட்டாரு சார். தலைல ஒரு பக்கம் பள்ளமா இருக்குது. எடுத்து வச்ச எலும்பக் குடுத்தீங்கன்னா வச்சுக் கட்டி, முழுசா அனுப்பிடுவோம். சாயங்காலம் எடுக்கணும்.”

அவள் புருஷன் கொளஞ்சியப்பன் பீங்கான் சூளைத் தொழிலாளி. மண்டையில் அடிபட்டு மூளை வீங்கியதால், ஓட்டில் உள்ளங்கையளவு வெட்டி எடுத்திருந்தார்கள். வீக்கம் வடிந்ததும் திரும்பப் பொருத்த அந்தத் துண்டை ஃப்ரீசரில் வைப்பார்கள். இல்லையென்றால் நோயாளியின் வயிற்றுத் தோலுக்கு அடியிலேயே வைத்துத் தைப்பார்கள். இங்கே ஃப்ரீசரில் வைத்தார்கள். ஃப்ரீசர் கெட்டது, எலும்பு நாறியது, குப்பைக்குப் போனது. வயிற்றில் வைத்ததாக எழுதினால் இன்ஷூரன்ஸில் தனிக் கட்டணம் உண்டு. கௌரிசங்கர் அப்படியே எழுதினான். டாக்டரும் கல்யாண வீட்டில் தாம்பூலப் பை வாங்குகிறவர் மாதிரி, என்ன ஏதென்று பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.

“படிக்கத் தெரியுமா? பாரு. வயித்துல வச்சுத் தச்சிருக்குதுன்னு போட்டிருக்கு. உன் புருஷன் வயித்துல தேடாம என் மேசைல தேடுறியே!”

“குளிப்பாட்டுனப்ப பாத்தேன் சார். வயித்துல ஒரு கீறல்கூட இல்ல.”

“உன் கண்ணு பெருசா, டாக்டர் கையெழுத்து பெருசா?”

அவள் அந்த வரியின்மேல் விரலை வைத்தாள்.

“அப்ப எழுதுனது நெசமா சார்?”

“சத்தியம்.”

“சரிங்க சார்.” எதிர் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

கரண்ட் போனது. மின்விசிறி நின்றதும் எங்கிருந்தோ ஒரு வாடை வந்தது. சூளையில் வேகும் மண்ணின் வாடை. கௌரிசங்கர் டிராயரை இழுக்கக் குனிந்தான்.

வயிற்றில் ஏதோ இடித்தது.

சட்டைக்குமேல் தடவினான். தொப்புளுக்கு வலப்பக்கம், தோலுக்கு அடியில், கெட்டியாக, சாஸர் மாதிரி வளைந்து ஒன்று. பீங்கானில் கீறல் உண்டா என்று தட்டிப் பார்க்கும் இந்த ஊர்ப் பழக்கத்தில் விரலை மடக்கித் தட்டினான்.

டொக்.

அவன் கையை எடுத்துவிட்டான்.

டொக்.

கரண்ட் வந்ததும் எக்ஸ்ரே அறைக்கு ஓடினான். படம் எடுத்த டெக்னீஷியன் பூர்ணிமா அதைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். “சார்... இது மண்டையோட்டுத் துண்டு. ஓரத்துல டிரில் போட்ட தடம்கூடத் தெரியுது. யாரு வச்சாங்க?”

அவன் பெஞ்சுக்கு ஓடி வந்தான். அப்போதும் பேரம்தான். “எவ்ளோ வேணும்னு சொல்லும்மா. முடிச்சிக்கலாம்.”

“காசு வேணாம் சார். அத வயித்துல வைக்கல, தொலைச்சுட்டோம்னு எழுதிக் குடுங்க. அது போதும்.”

பேனாவைத் திறந்தான். எழுதினால் வேலை போகும், போலீஸும் வரும். பேனாவை மூடினான்.

“நாளைக்கு வா, பேசிக்கலாம்.”

“இன்னிக்குத்தான் சார் எடுக்குறோம்.” அவள் எழுந்தாள். “போயிட்டு வரேன்.”

வெயில் சாயும் நேரத்தில் போன் வந்தது. பின்னால் பறைச் சத்தம். பூங்கோதை அழுதுகொண்டே சிரித்தாள்.

“சார், எலும்பு வந்துடுச்சு! துணிய அவுத்துப் பாத்தா தலை முழுசா இருக்குது. பள்ளமே இல்ல. நல்லபடியா எடுத்துட்டோம்.”

அப்பாடா என்று கௌரிசங்கர் வயிற்றைத் தொட்டான்.

அது அங்கேயேதான் இருந்தது.

கொளஞ்சியப்பனுடையது கொளஞ்சியப்பனுக்கே போய்விட்டது. அப்படியென்றால் இது யாருடையது?

கை தானாகத் தலைக்குப் போனது. வகிடெடுத்த இடத்துக்குப் பக்கத்தில் விரல்கள் மெத்தென்று உள்ளே இறங்கின. உள்ளங்கையளவு பள்ளம்.

மயிருக்கு அடியில் ஏதோ மேலெழும்பித் தாழ்ந்தது, மேலெழும்பித் தாழ்ந்தது.