குமிழி நிற்கவில்லை

டீசலில் குமிழி நின்றபாடில்லை.

எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சுகிற நாசிலுக்குப் போகிற பைப்பின் நட்டை அரைச்சுற்று தளர்த்திவிட்டு, மெக்கானிக் டீசல் பம்பின் சின்ன லீவரைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி விட்டுக்கொண்டிருந்தான். பம்பைக் கழற்றிப் பழுது பார்த்து மாட்டினால் குழாய்க்குள் காற்று புகுந்துவிடும். காற்று இருக்கிறவரைக்கும் தண்ணீர் இறைக்கிற எஞ்சின் எழுந்திருக்காது. நட்டுச் சந்து வழியாக அதை வெளியேற்றிவிட்டால் தீர்ந்தது. கண்ணைக் கட்டிவிட்டாலும் செய்கிற வேலைதான். கொஞ்ச நேரம் நுரை வரும், பிறகு டீசல் தெளிவாய் வடியும், நட்டை இறுக்கிவிடலாம். இன்றைக்குத் தகரக் கூரைமேல் மழை இரைகிற இரைச்சலிலும், நனைந்த சாக்கும் எண்ணெயும் கலந்த நாற்றத்திலும், மத்தியானமே பொழுது சாய்ந்த மாதிரி கறுத்துக் கிடந்த வெளிச்சத்திலும், அவன் விரல் மரத்துப்போகிறவரை அழுத்தியும் நுரை தீரவில்லை.

"மச்சான்," என்று வெளியே இருந்த குழிக்குள்ளிருந்து குரல் வந்தது. "பம்பை ரிப்பேர் பண்ணீங்களா, பூட்டு போட்டுட்டு வந்தீங்களா?"

"வாயை மூடிட்டு இரு மாப்ளே. காத்து போயிட்டிருக்கு."

"உங்க தங்கச்சி மாதிரியே இருக்கு உங்க எஞ்சின். கூப்பிட்டதும் எழுந்து வந்ததா சரித்திரமே இல்ல."

தங்கச்சி புருஷன்தான் குழிக்குள் நின்றான். கட்டடத்துக்காகத் தோண்டிய ஆழமான குழி. அடியில் உறிஞ்சுகுழாயின் வாயில் இருக்கிற வால்வு சரியாக மூடாது. ஒரு ஆள் இறங்கி அதைக் கையால் அமுக்கிக்கொண்டால்தான் தண்ணீர் பிடிக்கும். அதனால் ஆளை இறக்கிவிட்டுத்தான் எஞ்சினை எழுப்புவது இங்கே பழக்கம். பழுது பார்த்த எஞ்சினை ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு ஆளை இறக்கியிருக்கலாம். "நீ இறங்கு, இதோ எழுப்பிடறேன்" என்று சொன்னவன் மெக்கானிக்கேதான். மாப்பிள்ளை இறங்கினான். மழை கொட்டியது. மண் சரிந்து இரும்புக்குழாய் சாய்ந்து, அவன் காலைச் சுவரோடு நெரித்துக்கொண்டது. இவன் இறங்கி இழுத்துப் பார்த்தான். குழாய் மயிரளவும் அசையவில்லை. மேஸ்திரி ஆள் கூட்டிவர ஓடியிருந்தார். அவர் வருகிறவரை தண்ணீரை இறைத்தாக வேண்டும். மாப்பிள்ளைக்கு இப்போது இடுப்பளவு தண்ணீர்.

டேங்கில் டீசல் இருந்தது. ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தடவிப் பார்த்தான். எங்கேயும் கசிவில்லை. பில்டரில் இருக்கிற திருகைத் தளர்த்தினான், அங்கே டீசல் சுத்தமாய் வந்தது. பம்புக்கு அந்தப் பக்கம்தான் குமிழி. காற்று புக வழியே இல்லாத இடத்தில்.

குனிந்து கிட்டத்தில் பார்த்தான். குமிழி ஒழுங்காய் வந்தது. ஒன்று பெரிதாய் உப்பி, உடைந்து, கொஞ்சம் தாமதித்து, அடுத்தது. உடைந்தபோது மூக்கில் சூடாய் ஒரு காற்று பட்டது. டீசல் நாற்றத்துக்கு நடுவில் கிராம்பு வாசனை.

மாப்பிள்ளைக்கு ரெண்டு நாளாய்ப் பல்வலி. கடைவாயில் கிராம்பை அடக்கிக்கொண்டுதான் இறங்கியிருந்தான்.

மனப்பிராந்தி என்று தலையை உதறிக்கொண்டு லீவரை அழுத்தினான். குழிக்குள் மாப்பிள்ளை இருமினான். மறுபடி அழுத்தினான். மறுபடி இருமல். விரலை எடுத்துவிட்டுக் காத்திருந்தான். மழைச் சத்தம் மட்டும்.

"மாப்ளே, என்ன பண்ணுது?"

"தெரியல. திடீர்னு மூச்சு முட்டுச்சு. இப்ப பரவாயில்ல."

சடசடவென்று மூன்று தடவை அழுத்தினான். குழிக்குள் மூன்று தடவை, நெஞ்சிலிருந்து யாரோ பிடுங்கி எடுக்கிற மாதிரி, அந்தச் சத்தம் கேட்டது.

அவன் கை பம்பைவிட்டு விலகி வந்தது. காக்கிக் கால்சட்டையில் விரலைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

ஹேண்டிலை மாட்டிச் சுற்றினான். காற்று இருக்கும்போது எழுந்திருக்காது என்று தெரிந்தேதான் சுற்றினான். தோள்பட்டை கழன்றுவிடும் போல வலித்தது. எஞ்சின் பொம்மை மாதிரி சுற்றி நின்றது. ஒரு புகைகூட வரவில்லை.

"மச்சான்." குரலில் கேலி போய்விட்டிருந்தது. "தண்ணி நெஞ்சுக்கு வந்துருச்சு."

"மேஸ்திரி வந்துருவாரு."

"அவர் வர்றதுக்குள்ள கழுத்துக்கு வந்துரும். ஏன் நிறுத்திட்டீங்க? காத்தை எடுங்க."

"எடுத்தா உனக்கு மூச்சு முட்டுதுடா."

அங்கிருந்து சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. "முட்டினா முட்டட்டும். தண்ணி குடிச்சு சாகறதுக்கு அது மேல். அழுத்துங்க மச்சான். புள்ள மாதிரி நிக்காதீங்க."

அழுத்தினால் அவன் மூச்சு. அழுத்தாவிட்டால் தண்ணீர். ரோட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தான். மழை. வேறு ஒன்றும் இல்லை.

அழுத்தினான்.

குமிழி உடைந்தது. இருமல். குமிழி. இருமல். கிராம்பு வாசனை கொட்டகை முழுக்க நிறைந்தது. காதைப் பொத்திக்கொள்ள ஒரு கை போதவில்லை. குமிழி சின்னதாகியது. இருமலும் சின்னதாகியது. வேகமாக அழுத்தினால் சீக்கிரம் முடியும். முடியட்டும். எது முடியட்டும் என்று அவன் நினைக்கவில்லை.

கடைசிக் குமிழி கடுகளவு இருந்தது. உடையவே மனசில்லாத மாதிரி நட்டின் விளிம்பில் நின்றது. உடைந்தது.

டீசல் தெளிவாய் வடிந்தது.

"மாப்ளே?"

மழை.

நட்டை இறுக்கினான். ஹேண்டிலை மாட்டினான். ஒரே சுற்று. எஞ்சின் பிடித்துக்கொண்டது. இத்தனை வருஷத்தில் எந்த எஞ்சினும் இவ்வளவு சுகமாய் எழுந்ததில்லை. யாரும் அமுக்காத வால்வு தானாகவே தண்ணீரைப் பிடித்தது. வெளிக்குழாய் கக்க ஆரம்பித்தது.

எஞ்சின் வேகத்தைக் கூட்டுகிற லீவரில் ஒரு கையை வைத்தபடி குழியை எட்டிப் பார்த்தான்.

தலைக்கு மேல் போயிருந்த தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. தலை தெரிந்தது. பிறகு நெற்றி. பிறகு முகம். மாப்பிள்ளை மேலே பார்த்தபடி நின்றான். திறந்த கண்ணில் மழை விழுந்தது. இமைக்கவில்லை.

வாய் அசைந்தது.

ஏதோ சொல்கிறான் என்று காதைக் கொடுத்தான். சத்தம் இல்லை. வாய் திறந்தது, மூடியது. எஞ்சின் அடித்தது. திறந்தது, மூடியது. அடித்தது. நெஞ்சு அதோடு சேர்ந்து ஏறி இறங்கியது.

கை நழுவியது. எஞ்சின் தளர்ந்தது. வாயும் தளர்ந்தது. பாதி திறந்து, அப்படியே நிற்கப் பார்த்தது.

லீவரைப் பிடித்துத் தள்ளினான். வாய் மறுபடி அசைந்தது.

விட்டால் தளர்ந்தது. பிடித்தால் அடித்தது. டீசல் கேன் கொட்டகையின் அந்தக் கோடியில் இருந்தது. கைக்கு எட்டாது. டேங்கின் கண்ணாடிக் குழாயில் மட்டம் இறங்கிக்கொண்டே வந்தது. அவன் லீவரை விடவில்லை. கீழே வாய் திறந்தது. மூடியது.

திறந்தது.