10:42-ல் அழுத்திய கை

காலை 10:49. இடிந்த பாலத்தில் ஏறிய ராணுவ லாரி ஆற்றில் கவிழ்ந்தது. நடந்தது வெறும் பயிற்சிதான். டிரைவரின் இரண்டு கால்களும் ஒடிந்தது நிஜம்.

மதியம் 2:10-க்கு விசாரணைக்கு வந்த மேஜருக்கு, சொல்லவே கூசுகிறது, உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. கட்டுப்பாட்டறையின் தலைமை நாற்காலியில் இருந்தவள், ராணுவப் பயிற்சிக் கல்லூரியில் இவளோடு ஒரே பேட்சில் படித்த ‘புயல்’. இவளுக்கு அங்கே வைத்த பெயர் ‘ஆமை’. அந்த நாற்காலிக்கு இவளும்தான் ஆசைப்பட்டாள். புயல் தட்டிக்கொண்டு போய்விட்டாள். எட்டு மாதமாக இவளுக்கு வயிற்றெரிச்சல். “அறிக்கை வரட்டும், அந்த இடம் உனக்குத்தான்” என்று ஜெனரல் வேறு சொல்லியிருந்தார்.

கணினிப் பதிவு கையில் இருந்தது. 10:40, பாலம் இடிந்ததாக ட்ரோனின் எச்சரிக்கை. 10:41, எழுத்து அளவு கூட்டப்பட்டது. 10:42, ‘பார்த்தாயிற்று’ பொத்தான். 10:43, எழுத்து பழைய அளவு. எல்லாம் புயலின் பெயரில். ஒருவர் அந்தப் பொத்தானை அழுத்தினால் அத்தனை பேர் திரையிலிருந்தும் எச்சரிக்கை மறைந்துவிடும். லாரிக்குச் சொல்வது அழுத்தியவர் பொறுப்பு.

“ஆமை, நீயா வந்திருக்கே? அப்ப நான் தொலைஞ்சேன்” என்றாள் புயல்.

“எச்சரிக்கையைப் பாத்தியா?”

“சத்தியமா இல்லடி. தண்ணி பிடிக்கப் போனேன். மூணு நிமிஷம்.”

“கணினியைப் பூட்டிட்டுத்தானே போனே?”

“பூட்டினா மறுபடி உள்ள நுழைய ஆறு நிமிஷம் ஆகும். இங்க யாருமே பூட்ட மாட்டோம்.”

அந்த மூன்று நிமிடமும் அறையில் இருந்தவர்கள் இன்னும் இரண்டே பேர். கண்ணாடியைக் கயிறு கட்டி மாட்டியிருந்த டெக்னீஷியன், “மேசைக்கு அடியில வயரோட மல்லுக்கட்டிட்டிருந்தேன் மேடம். யாரையும் பாக்கல” என்றார்.

பன்னிரண்டு வருடமாக அதே அறையில் ரேடியோ இயக்கிப் பழுத்த ‘ரேடியோ அண்ணன்’ தயங்கவேயில்லை. “அந்தம்மா எந்திரிக்கவே இல்ல. வேகம் மட்டும் இருந்தா போதுமா?”

மேஜருக்குத் தேனாக இனித்தது. அண்ணன் தன் வாக்குமூலத்தைக் கை எட்டும் தூரம் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு, கோட்டுக்குக் கீழே தள்ளிக் கையெழுத்துப் போட்டார்.

“கண்ணாடி வேணுமா?”

“எனக்கா? பருந்துக் கண்ணு மேடம். அடுத்த மாச மெடிக்கல் டெஸ்ட்ல பாருங்க.”

3:30. ஆஸ்பத்திரியிலிருந்து டிரைவர் போனில் பேசினான். “பாலம் சாஞ்ச மாதிரிதான் இருந்துச்சு மேடம். ஆனா திரையில வழி பச்சையா இருந்துச்சே. என் ஒருத்தன் கண்ணை நம்பறதா, அங்க உக்காந்திருக்கிற அத்தனை பேரை நம்பறதா?”

அறிக்கையில் புயலின் பெயரை எழுதியாகிவிட்டது. கையெழுத்துதான் பாக்கி. பாழாய்ப்போன ஆமைப் புத்தி, பதிவை இன்னொரு தரம் வரி வரியாகப் படிக்கச் சொன்னது. 10:41-ல் பேனா நின்றது. சே, இப்பவா இது கண்ணில் பட வேண்டும்!

4:15. மூவரையும் கூப்பிட்டாள்.

“எல்லாரும் 10:42-ஐயே பாத்தோம். அதுக்கு முன்னாடி எழுத்தை எதுக்குப் பெரிசாக்கணும்? புயல் எட்டு மாசமா சின்ன எழுத்துலதான் வேலை பாக்கறா. டெக்னீஷியன் கழுத்துல கண்ணாடி இருக்கு. கண்ணு மங்கினதை மெடிக்கலுக்குப் பயந்து மறைக்கிற ஆள் ஒருத்தர்தான். என்ன ரேடியோ அண்ணே?”

அவர் முகம் தொங்கிப்போயிற்று. “அந்தம்மா நாலு திட்டு வாங்கட்டும்னுதான் அமுக்கினேன். பாலத்தைப் பாத்தா டிரைவர் நிறுத்திடுவான்னு நினைச்சேன்... எனக்கு வரவேண்டிய நாற்காலி மேடம் அது. நேத்து வந்தவ உக்காந்திருக்கா. தினம் பாத்துப் பாத்து வெந்துபோனேன். உங்களுக்கு அது புரியாது.”

“நல்லாவே புரியும்” என்றாள் மேஜர். பழைய அறிக்கையைக் கிழித்துப் புதிதாக எழுதினாள்: அவர் பெயர், பூட்டாத கணினி, அந்த ஆறு நிமிடம், திரையை நம்பிக் கண்ணை நம்பாத டிரைவர், எல்லாம்.

வாசலில் புயல் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “நீ நினைச்சிருந்தா என்னை மாட்டிவிட்டிருக்கலாம்.”

“நினைச்சேன். இப்பவும் வயிறு எரியுது” என்று கையை உருவிக்கொண்டாள் மேஜர். “போய் உன் நாற்காலியில உக்காரு. எந்திரிச்சா பூட்டிட்டு எந்திரி.”