ரெத்தம் என்று எழுதுகிறவள்

சுகந்தி எழுதிய கடிதத்துக்கு நடைமானி நூற்றுக்குப் பதினொன்று மதிப்பெண் போட்டது. கீழே சிவப்பு எழுத்தில் ஒரு வரி: ‘இதைச் சுகந்தி எழுதியிருக்க வாய்ப்பில்லை.’

“பின்ன உங்கப்பனா எழுதுனான்?” என்றாள் சுகந்தி, கைபேசியைப் பார்த்து. எதிர் பெஞ்சில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

மதுரையில் ஒரு மருத்துவமனையின் மூன்றாவது மாடி. காலை பத்தரை மணி. உள்ளே அவளுடைய தம்பி சோலைராஜ் மண்ணீரல் கிழிந்து கிடந்தான். பள்ளிக்கூட வேனுக்கு ஒதுங்கப் போய் பைக்கோடு தடுப்புச் சுவரில் மோதியிருந்தான். டாக்டர் ஹாஜிரா வெளியே வந்து சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போனார். இரண்டு மணிக்குள் இரண்டு யூனிட் ரத்தம் வேண்டும். அதற்கு மேல் போனால் தன்னால் எதுவும் சொல்ல முடியாது.

சோலைராஜுக்குப் பம்பாய் வகை ரத்தம். பத்தாயிரம் பேரில் ஒருவருக்கு இருந்தால் அதிகம். வேறு எதை ஏற்றினாலும் ஆளைக் கொன்றுவிடும். அக்காவுக்கும் அதே வகைதான். ஆனால் அவள் இருபது நாளைக்கு முன்புதான் கரூரில் ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்குக் கொடுத்திருந்தாள். இப்போது அவளிடம் எடுக்கவே முடியாது என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்.

மிச்சம் இருந்தது வட்டம். பம்பாய் வகைக்காரர்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேர் இணையத்தில் கூடும் இடம். ஒன்பது வருடமாக அதை நடத்துகிறவள் சுகந்தி. தரகர்கள் வீடு தேடி வந்து தொல்லை கொடுத்ததால் அங்கே யாருக்கும் நிஜப் பெயர் கிடையாது, முகவரி கிடையாது. போனும் கிடையாது. குரலையும் முகத்தையும் யார் வேண்டுமானாலும் போலி செய்யலாம் என்று ஆன பிறகு, தெரியாத அழைப்பை நாட்டில் எவரும் எடுப்பதில்லை. எழுதும் விதத்தை மட்டும் திருட முடியாது என்று சொல்லித்தான் நடைமானியை விற்றார்கள். ஒருவர் எழுதிய பழைய கடிதங்களை எல்லாம் படித்து வைத்துக்கொண்டு, புதிதாக வருவது அவர் கைதானா என்று அது மதிப்பெண் போடும்.

சுகந்தியின் பெயரில் மூன்று மாதத்துக்கு முன் போலிக் கடிதங்கள் வந்தபோது, நடைமானியை வட்டத்தில் பொருத்தியதே அவள்தான். எண்பதுக்குக் குறைந்தது எதுவானாலும் குப்பைக்குப் போகட்டும், திறந்துகூடப் பார்க்காதீர்கள் என்று விதி செய்ததும் அவளே. அவள் கடிதங்களுக்கு அது எப்போதும் தொண்ணூறுக்கு மேலேதான் போடும். ஏனென்றால் அவள் எழுத்து அப்படி. ‘கண்ணுகளா, சாப்பிட்டீங்களா?’ என்று தொடங்குவாள். ‘வரட்டுமா’ என்று முடிப்பாள். ரத்தத்தைப் பற்றியே ஒன்பது வருடம் எழுதியும், மதுரைக்காரி வாயில் வருகிற மாதிரி ‘ரெத்தம்’ என்றுதான் எழுதுவாள். திருத்திய ஆட்களும் ஓய்ந்துபோய், பிறகு அதையே செல்லமாகக் கொண்டாட ஆரம்பித்தார்கள்.

இன்றைக்கு அவள் மருத்துவமனைச் சீட்டைப் பார்த்து எழுதியிருந்தாள். ‘அவசரம். இரத்தம் தேவை. இரண்டு யூனிட்.’ எழுத்துப்பிழை இல்லாத கடிதம்.

இரண்டாம் தடவை ‘ரெத்தம்’ என்று மாற்றிப் பார்த்தாள். இருபத்தெட்டு. ‘சாப்பிட்டீங்களா’ சேர்த்தாள். நாற்பத்தொன்று. வார்த்தைகள் கோணலாக வந்தன. தம்பி அறுப்பு மேசையில் கிடக்கும்போது எவள் ஊராரைச் சாப்பிட்டாயா என்று விசாரிப்பாள்? ஆத்திரத்தில் மானியின் உதவிப் பகுதிக்கு எழுதினாள். நான்தான் சுகந்தி, கடிதத்தை விடு. உடனே பதில் வந்தது: ‘நீங்கள் சுகந்தி என்றால், தயவுசெய்து சுகந்தியைப் போல எழுதவும்.’

அவளுக்கு அழுகை வந்தது.

தம்பி மனைவி செல்வராணி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். குடும்பத்தினர் என்ற முறையில் அவளும் வட்டத்தில் இருந்தாள்; குடும்பத்தினர் கடிதங்களைப் படிக்கலாம், எழுத முடியாது.

“மதினி, ஏன் இப்புடிக் கெடந்து தவிக்கிறீங்க? நேத்து அம்புட்டு அழகா எழுதியிருந்தீங்களே. அதே மாதிரி எழுத வேண்டியதுதானே?”

“நேத்து நான் ஒண்ணும் எழுதலையே ராணி.”

செல்வராணி கைபேசியை நீட்டினாள்.

‘கண்ணுகளா, எல்லாரும் சாப்பிட்டீங்களா? நமக்கு ஓடுற ரெத்தம் கடையில கெடைக்காது, ரோட்டுல பாத்துப் போங்க. வட்டத்தோட பதிவேட்டைப் புதுசு பண்றேன். கீழ தொட்டு உங்க குரல்சாவியச் சொல்லிருங்க. அக்காவுக்கு ஒரு வேலை மிச்சம். வரட்டுமா.’

தொண்ணூற்றெட்டு மதிப்பெண்.

குரல்சாவி என்பது வீட்டுக் கதவிலிருந்து வங்கி வரைக்கும் எல்லாவற்றையும் திறக்கிற ஒற்றைச் சொல். அதை யாரும் யாரிடமும் சொல்ல மாட்டார்கள்.

“நீ சொல்லிட்டியா?”

“நீங்கதானே கேட்டீங்க மதினி.”

சுகந்தி கடிதத்தை மறுபடி படித்தாள். அதில் ஒரு சொல்கூட அவளுடையது இல்லை என்று சொல்ல முடியவில்லை. ரோட்டுல பாத்துப் போங்க என்ற வரியை மட்டும் இன்னொரு தடவை படித்தாள். எந்த ஊரில் உட்கார்ந்து எந்தப் படுபாவி எழுதினானோ, இன்று காலை அவள் இருந்ததைவிட அவன் நல்ல சுகந்தியாக இருந்தான்.

இது போலி என்று உடனே எல்லோருக்கும் சொல்ல வேண்டும். நானூறு வீட்டுக் கதவு திறந்து கிடக்கிறது. ஆனால் சொன்னால், இதே சாயலில் அடுத்து வரும் எதையும் ஒருவரும் நம்ப மாட்டார்கள். சோலைராஜுக்கு வேறு வழி இல்லை. மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது.

“ராணி, அத எனக்கு அனுப்பு,” என்றாள்.

திருடனின் கடிதத்தை அப்படியே எடுத்துக்கொண்டாள். பதிவேடு, குரல்சாவி இரண்டையும் அழித்துவிட்டு, அந்த இடத்தில் மருத்துவமனைப் பெயரையும் மாடியையும் போட்டாள். ‘நம்ம பிள்ளை ஒருத்தன் படுத்திருக்கான், ரெண்டு மணிக்குள்ள ரெண்டு பேரு வந்தாப் போதும்.’ மற்றதெல்லாம் அவன் எழுதியது. கடைசியில் ‘வரட்டுமா’வைக்கூட மாற்றவில்லை.

தொண்ணூற்றாறு. கடிதம் போய்விட்டது.

ஒன்றே காலுக்கு விருதுநகரிலிருந்து ஒரு கல்லூரி ஆசிரியை வந்தார். அவருக்குப் பத்து நிமிடம் கழித்து திண்டுக்கல்லிலிருந்து ஓர் இளைஞன் ஹெல்மெட்டோடு ஓடி வந்தான். பெயர் எபினேசர், வட்டத்தில் அவன் பெயர் ‘பூட்டு’. ரத்தம் சரிபார்க்கப்பட்டு உள்ளே போனது. இரண்டே முக்காலுக்கு டாக்டர் ஹாஜிரா முகமூடியை இறக்கிவிட்டு, “ரத்தம் கசியறது நின்னுடுச்சும்மா, பொழச்சுக்குவார்,” என்றார். செல்வராணி சுவரைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். சுகந்தி பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

பிறகு கைபேசியை எடுத்தாள். ‘நேற்று வந்தது நான் எழுதியதல்ல. குரல்சாவியை உடனே மாற்றுங்கள்.’ பத்தொன்பது மதிப்பெண். குப்பை.

எபினேசர் கையில் பஞ்சோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். சுகந்தி அவன் அருகே போனாள். ‘பூட்டு’வின் முகத்தை இப்போதுதான் நிதானமாகப் பார்க்கிறாள்.

“காலையில முதல்ல ஒரு போலிக் கடிதம் வந்துச்சுக்கா,” என்றான் அவன். “குப்பையில செவப்புக் கோடு போட்டுக் கெடந்துச்சு. ‘இரத்தம் தேவை’யாம். எந்தக் காலத்துல எங்கக்கா அப்படி எழுதியிருக்கு? நானே புகார் குடுத்துட்டேன். அப்புறம் நீங்க எழுதினது வந்துச்சு. ஒரு வரி படிச்சேன், வண்டிய எடுத்துட்டேன்.”

“தம்பி, நான் சொல்றதக் கேளுங்க. அந்த மொதக் கடிதம்தான் நான் எழுதினது. நேத்து குரல்சாவி கேட்டது நானில்ல. நீங்க உடனே அத மாத்திருங்க. எல்லாருக்கும் சொல்லணும். என் கடிதம் போக மாட்டேங்குது, உங்க பேர்ல நீங்க அனுப்புங்க.”

அவன் சிரிப்பு மெல்லக் குறைந்தது. கைபேசியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பெஞ்சில் அரை அடி தள்ளி உட்கார்ந்தான்.

“அதுக்குத் தொண்ணூத்தெட்டு போட்டிருக்கே,” என்றான். கொஞ்சம் தயங்கி, “நீங்க... சுகந்தி அக்காதானே?”

அடையாள அட்டை எதையும் இந்தக் காலத்தில் யாரும் நம்புவதில்லை. சுகந்தி அவனையே பார்த்தாள். வெளுத்துப்போன முகம், காய்ந்த உதடு. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடித்தானோ இல்லையோ.

“சாப்பிட்டீங்களா கண்ணு?” என்று கேட்டாள். “இம்புட்டு ரெத்தம் குடுத்துட்டு வெறும் வயித்தோட உக்காந்திருக்கீங்க.”

அவன் முகம் சட்டென்று மலர்ந்தது. “அக்காவேதான்,” என்று சிரித்துவிட்டு, அவள் சொன்னபடி எல்லோருக்கும் எழுத உட்கார்ந்தான்.

சுகந்தி அவனுக்கு இட்லி வாங்கப் படியிறங்கினாள். கேட்டது அவன் பசிக்காகவா, மதிப்பெண்ணுக்காகவா என்று கீழ்த்தளம் வந்து சேரும்வரை அவளுக்கே தெரியவில்லை.