சிலிண்டர் வராத தொட்டி

மீன்தொட்டிக்குள் தொங்கிய கண்ணாடிக் குமிழ் காலையில் பச்சையாக இருந்தது. நீலமாக இருந்திருக்க வேண்டும்.

தண்ணீரில் கார்பன் டை ஆக்சைடு இல்லையென்றால் குமிழுக்குள் இருக்கும் திரவம் நீலம். செடிகளுக்குப் போதுமான அளவு இருந்தால் பச்சை. மீன் சாகும் அளவுக்கு ஏறினால் மஞ்சள். ஆனால் அந்த வாயுவை ஏற்றும் சிலிண்டர் இன்னும் கடையிலிருந்தே வரவில்லை.

அவன் வளர்ப்பு மீன்கடைக்காரருக்குப் போன் செய்தான்.

"செடி இருட்டுல மூச்சு விட்டிருக்கும் சார். மனுசன் மட்டுந்தான் விடணும்னு சட்டமா என்ன? பிடுங்கி வெளிய வச்சுப் பாருங்க."

எல்லாவற்றையும் பிடுங்கி வாளியில் போட்டான். ஆறடித் தொட்டியில் மிஞ்சியது மணல், தண்ணீர், பம்பு.

சத்தமே வராத பம்பு. அதற்காக மூன்று வாரம் தேடினான். பழையது லாரி மாதிரி இரையும். அதைக் கூடத்தில் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்த நாளில்தான் உள்ளறையில் மனைவிக்கு ஆஸ்துமா முற்றியது. அவள் கூப்பிட்டிருப்பாள். கேட்கவில்லை. அவள் இறந்து நான்கு மாதம்; அன்றிலிருந்து மகள் வாய் திறக்கவில்லை. மீன் விட்டால் பேசுவாள் என்று நம்பினான்.

மதியம் மழை இருட்டியது. கூடத்தில் ஈர மணலின் வாடையும் புதுப் பசையின் புளித்த நெடியும் கலந்து நிற்க, அவற்றுக்கு அடியில் மிக லேசாக, மனைவி வாயில் வைத்து இழுத்த மருந்தின் இனிப்பு வாசனை வந்தது. பம்பு ஓடுகிறதா என்றே தெரியாத அந்த அமைதியில், கண்ணாடிக்குப் பின்னாலிருந்து சீழ்க்கை போல ஓர் இழுப்பு கேட்டது, நின்றது, மறுபடி கேட்டது.

குமிழைப் பார்த்தான்.

மஞ்சள்.

பம்பின் குழாயைக் குளியலறைக்குத் திருப்பி, தண்ணீரை வெளியேற்றத் தொடங்கினான். மட்டம் ஒரு சாண் இறங்கியது. இழுப்பு வேகமானது.

மகள் வந்தாள். ஸ்டூலில் ஏறிக் கண்ணாடியில் முகத்தை ஒட்டினாள்.

"அப்பா, நிறுத்து."

"குட்டி... பேசிட்டியாடா?"

"அம்மா எவ்வளவு நேரமா கூப்பிடுறா. நீ இப்பவும் காது கேக்காத மாதிரியே இருக்க."

ஒயரைப் பிடுங்கினான். தண்ணீர் நின்றது. இழுப்பும் நின்றது.

நீர்மட்டத்துக்கு மேலே, மகளின் மூச்சு கண்ணாடியில் வட்டமாகப் படிந்தது. அதற்கு நேராக, உட்பக்கத்தில், இன்னொரு வட்டம். பெரியது. வெளியே ஒன்று. உள்ளே ஒன்று. மாறி மாறி.

"குட்டி, இறங்கு. அப்பாகிட்ட வா."

வரவில்லை.

வெளி வட்டம் சுருங்கியது. பட்டாணி அளவு. புள்ளி. இல்லை.

மகள் நெற்றியைக் கண்ணாடியில் சாய்த்தபடியே நின்றாள்.

உள்ளே, பெரிய வட்டத்தை ஒட்டி, சின்னதாக ஒன்று படியத் தொடங்கியது.