விளக்கு வைத்த பின் ஊசி கேட்காதே!

"தலைவரே! நான் பாஸா, பெயிலா?"

கையில் பொரி உருண்டைத் தட்டு. முகம் நிறையச் சிரிப்பு. பலராமன் மெடிக்கல்ஸுக்குள் நுழைந்தான் அப்பாதுரை.



கரண்ட் போய் வெகு நேரமாகியிருந்தது. வாசல் படியில் மட்டும் அகல் விளக்குகள். வெளியே தேரடித் தெரு முழுக்கத் தலைகள்... தலைகள்... மலை உச்சியில் தீபம். 'அரோகரா' கோஷம் சுவர்களில் மோதித் திரும்பியது.

"கோவமா தலைவரே? பேசுங்க..."

கவுண்டருக்குப் பின்னால், நாற்காலியில் சாய்ந்திருந்தார் பலராமன்.

கண்கள் திறந்திருந்தன. வாயும் திறந்திருந்தது.

உதட்டில் ரத்தம்!

தட்டு நழுவியது. பொரி உருண்டைகள் தரையெங்கும் உருண்டோடின.

"ஐயோ... அண்ணீ...!"

வாசல் படியில் உட்கார்ந்து விளக்குகளுக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்த கஸ்தூரி திரும்பிப் பார்த்தாள். பலராமனின் மனைவி.

"பார்த்து, அப்பாதுரை..." என்றாள். "பொரிய மிதிச்சிடப் போறீங்க."

* * *

இன்ஸ்பெக்டர் ராமதாஸ் ஜீப்பைப் பஸ் ஸ்டாண்டிலேயே விட்டுவிட்டுக் கூட்டத்தில் நீந்தி வந்தார். தொப்பியை வழியில் யாரோ தட்டி விட்டிருந்தார்கள். எரிச்சலாக இருந்தது.

"கார்த்திகை தீபத்தன்னிக்குத்தான் சாவணுமா? ஒரு நாள் தள்ளிப் போட்டிருக்கலாம் மனுஷன்."

பின்னால் வந்த கான்ஸ்டபிள் தருமன் சிரித்துவிட்டு, அங்கே விதவை நிற்பதைப் பார்த்துச் சிரிப்பை விழுங்கினான்.

"வெளிச்சம் பத்தல. அந்த விளக்குத் தட்ட இங்க கொண்டாம்மா."

கஸ்தூரி கொண்டுவந்தாள். மங்கியிருந்த திரியைத் தூண்டினாள். சுடர் நிமிர்ந்தது. எண்ணெய்ப் பிசுக்கு விரல்களைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டாள்.

பலராமனின் இடது கையில் கழுத்து உடைந்த ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி. காலி.

வலது கையில்...

ஒரு சிரிஞ்சு!

ராமதாஸ் குனிந்தார். அந்த இறுகிய விரல்களிலிருந்து அதை மெல்லப் பிடுங்கினார்.

"என்னய்யா இது? மருந்து இருக்கு. சிரிஞ்சு இருக்கு. முனையில மாட்டுற ஊசி எங்க?"

"கீழ எங்கயாவது விழுந்திருக்கும் சார்."

"தேடு."

தருமன் தரையில் தவழ்ந்தான். பொரிதான் கிடைத்தது.

"வீசிங் பார்ட்டியாம்மா இவரு?"

"ஆமாங்க. வருஷா வருஷம் தீபத்துக்கு வந்துடும். இந்தப் புகை ஒத்துக்காது. மருந்த நரம்புல ஏத்தினா உடனே கேட்கும்."

"பெறகு ஏன் ஏத்திக்கல?"

"ஊசி இல்லியே சார்."

"உதட்டுல ரத்தம்?"

"மருந்த குடிச்சுட்டாரு. குப்பியோட கண்ணாடி கிழிச்சிடுச்சி."

ராமதாஸ் அவளை நிமிர்ந்து பார்த்தார். ஊசியில் ஏற்ற வேண்டிய மருந்தை, மூச்சுக்குத் தவித்து, உடைந்த கண்ணாடியோடு வாயில் கவிழ்த்துக்கொண்ட ஒரு மனிதன். அதை இந்தப் பெண், பால் திரிந்துவிட்டது என்று சொல்வதுபோலச் சொல்கிறாள்!

"மெடிக்கல் ஷாப்பும்மா இது! ஊசி இல்லாமலா?"

"மத்தியானம் வரைக்கும் இருந்திச்சி. கிரிவலப் பாதையில, அடி அண்ணாமலைகிட்ட, மருத்துவ முகாம் போட்டிருக்காங்க. பெட்டி பெட்டியா அத்தனையும் குடுத்தனுப்பிட்டேன்."

"ஒண்ணு கூட வெச்சுக்காம?"

"புண்ணியத்துல கம்மி பண்ணாதேன்னு அவருதான் சொன்னாரு. பேனர்ல பேரு போடுறாங்கல்ல."

* * *

அப்பாதுரை சுவரோடு ஒட்டி நின்றிருந்தான். நாலு கடை தள்ளி அவனுக்கும் ஒரு மெடிக்கல்ஸ் இருந்தது.

"உன் கடையில ஊசி இருக்கா?"

"இருக்குங்க. ஜாஸ்தியாவே இருக்கு."

"அப்புறம்?"



"போன் பண்ணாரு சார். மலையில தீபம் ஏறினதும் போன். 'ஊசி... ஒரு ஊசி... அப்பாதுரை... சாவுறேன்டா'ன்னு ஒரே இழுப்பு."

"நீ என்ன சொன்ன?"

"'விளக்கு வச்சாச்சு தலைவரே, காலையில வாங்க'ன்னேன்."

"யோவ்!"

"டெஸ்ட் பண்றாருன்னு நெனச்சேன் சார்! சத்தியமா!"

அவன் அழுதுகொண்டே சொன்னான்.

விளக்கு வைத்த பின் வீட்டுப் பெண்கள் தையல் ஊசியைக் கைமாற்றிக் கொடுக்க மாட்டார்கள். லட்சுமி போய்விடுவாளாம். ஃபேன்சி கடைக்காரனும் விற்க மாட்டான். அந்தச் சாஸ்திரத்தை மருந்துக் கடைக்கும் இழுத்து வந்தவர் பலராமன். இந்த வட்டார மருந்துக் கடைக்காரர்களின் சங்கத் தலைவர். ஒரு கடை விடாமல் போர்டு மாட்ட வைத்தார். விளக்கு வைத்த பின் சிரிஞ்சோ ஊசியோ விற்கப்பட மாட்டாது!

"அதுல அவரு ஸ்ட்ரிக்ட்டு சார். திடீர் திடீர்னு போன் பண்ணுவாரு. கொரல மாத்திப் பேசுவாரு. ஒரு நா கெழவன் மாதிரி, ஒரு நா இழுப்புக்காரன் மாதிரி. 'தம்பி, சாவக் கெடக்குறேன், ஒரு ஊசி குடுப்பா'ன்னு கெஞ்சுவாரு. பாவம்னு குடுத்தவன் தொலைஞ்சான். போன மாசம் நான் மாட்டினேன். கடைய மூட வெச்சு, சங்கத்துல எல்லாரு முன்னாடியும் தோப்புக்கரணம் போட வெச்சாரு சார்!"

"இன்னிக்கும் நடிக்கிறாருன்னு நெனச்ச?"

"தத்ரூபமா நடிக்கிறாரேன்னு ஆச்சரியப்பட்டேன் சார்... அதான் பாஸா பெயிலானு கேட்கப் பொரி உருண்டையோட வந்தேன்."

"மத்த கடைங்க?"

"எல்லாருக்கும் பண்ணியிருக்காரு. எல்லாரும் பாஸு சார்."

ராமதாஸுக்குச் சிரிப்பு முட்டியது. பிணத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார்.

"சட்டமாய்யா அது? உயிர் போகும்போது கூடவா?"

"உயிர் போச்சு சார், மூணு மாசம் முன்னாடி..." என்று ஆரம்பித்த அப்பாதுரை, கஸ்தூரியைப் பார்த்துச் சட்டென்று வாயை மூடிக்கொண்டான்.

ஆனால் ராமதாஸின் காது மூடவில்லை.

* * *

"யாரு செத்தது?"

கஸ்தூரியே சொன்னாள்.

"என் தம்பி. எழில்."

கீழ்பென்னாத்தூரில் வேர்க்கடலை பிடுங்கிக்கொண்டிருந்தவனைத் தேள் கொட்டியது. ஆவணி மாதம். தூக்கிக்கொண்டு, இந்தக் கடைக்குப் பக்கத்துத் தெரு டாக்டரிடம் வந்தார்கள். அவரிடம் மருந்து இருந்தது. ஆனால் எய்ட்ஸ் பயம் வந்ததிலிருந்து டாக்டர் தன் கண்ணாடி சிரிஞ்சுகளைக் குப்பையில் போட்டிருந்தார். புதுசு வாங்கி வந்தால்தான் போடுவார். ஓடு, மெடிக்கலுக்கு!

"இந்தக் கடைக்குத்தான் ஓடி வந்தாங்க. அப்பத்தான் விளக்கு வெச்சிருந்தேன்."

"இவருகிட்ட சொன்னியா, உன் தம்பின்னு?"

"கால்ல விழுந்தேன்."

அவள் குரலில் ஏற்றமும் இல்லை. இறக்கமும் இல்லை.

"'மச்சானா இருந்தா மட்டும் ரூல்ஸ மாத்த முடியுமா? சங்கத்துல என் மூஞ்சி என்னாவறது? காலையில வாங்க'ன்னாரு."

"காலையில?"

"எழிலு காத்திருக்கல சார்."

தெருவில் அதிர்வேட்டு வெடித்தது.

கஸ்தூரி அந்த விடிகாலையை நினைத்துக்கொண்டாள். அவள் கண்ணீர் காயாமல் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தபோது, பலராமன் கடையைத் திறந்து, கற்பூரம் காட்டி, ஒரு சிரிஞ்சு பாக்கெட்டை அவள் மடியில் போட்டார். 'இந்தா. விடிஞ்சிடுச்சில்ல. இப்ப எடுத்துக்க' என்றார். கேலியாகச் சொல்லவில்லை. பெருந்தன்மையாகச் சொன்னார். அதுதான் அவளுக்குள் இறங்கியது. அடித்திருந்தால் மறந்திருப்பாள். கேலி செய்திருந்தால் வைதிருப்பாள். நல்லவராக நின்றுகொண்டு கொடுத்தாரே...

அன்றிலிருந்து அழுகை வரவில்லை. வருமா என்று தனக்குள் அடிக்கடி கை விட்டுத் துழாவிப் பார்ப்பாள். வற்றிய கிணற்றில் வாளி மோதும் சத்தம்தான் கேட்கும்.

"கல்யாணத்துக்கு முன்னாடி என்ன வேலைம்மா பண்ண?" ராமதாஸ் திடீரென்று கேட்டார்.

"வேலூர்ல நர்ஸு."

"அப்ப வருஷா வருஷம் தீபத்துக்கு இவருக்கு ஊசி போடறது?"

"நான்தான்."

ராமதாஸ் அந்த ஊசியில்லா சிரிஞ்சை அவள் முகத்துக்கு நேரே ஆட்டினார்.

"இது பாக்கெட்டோடதான வந்திருக்கும்? பாக்கெட்டுக்குள்ள ஊசியும் இருக்கும். இத அவசரத்துக்குன்னு வீட்டுல வெச்சிருக்கீங்க. இழுப்பு வருது. மனுஷன் இத உங்கிட்ட நீட்டுறாரு. நீ பிரிக்கிற. ஊசிய மட்டும் உருவிக்கிட்டு, சிரிஞ்ச அவரு கையில திருப்பிக் குடுக்கிற. சரியா?"

கஸ்தூரி தட்டின் பக்கம் திரும்பினாள். விளக்கு மங்கியது. தூண்டினாள்.

"கேளும்மா. நாளைக்குப் பெரியாஸ்பத்திரி டாக்டரு மூச்சுத்திணறல்னு எழுதுவாரு. நீ வெள்ளப் பொடவ கட்டிட்டுக் கல்லாவுல உட்காருவ. ஆனா அந்த ஊசி மட்டும் எங்கையில கிடைச்சுது... கொலை! வேலூர் ஜெயிலு! புரியுதா?"

"புரியுது சார்."

"வெள்ளையம்மா!"

கூட்டத்துக்குக் காவல் நின்ற பெண் போலீஸ் உள்ளே வந்தாள். விளக்குத் தட்டைக் கவுண்டரில் வைக்கச் சொல்லி, கஸ்தூரியை மாடி வீட்டுக்கு அழைத்துப் போனாள். முந்தானை மடிப்பு, கொண்டை, ரவிக்கை, தாலிச் சரடு... ஒன்று விடவில்லை.

"சேஃப்டி பின் மட்டும்தான் சார்."

தருமன் குப்பைக் கூடையைக் கவிழ்த்தான். அரிசி டப்பாவைக் கொட்டினான். சாக்கடைத் தூம்பில் கை விட்டான். பூஜை அலமாரியில் சாமி படங்களுக்குப் பின்னால் துழாவினான். கஸ்தூரி விளக்குத் தட்டைத் தூக்கிக்கொண்டு அவன் போகும் இடமெல்லாம் கூடவே போனாள். அணைகிறபோதெல்லாம் திரியைத் தூண்டினாள்.

"இன்னும் கொஞ்சம் கிட்ட காட்டும்மா."

"இங்கயா சார்?"

"ஆமா... நல்லாத் தூண்டு."

தூண்டினாள்.

இல்லை! எங்கேயும் இல்லை!

ராமதாஸ் வேர்வையைத் துடைத்தபடி பிணத்தின் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தார். அதிகாரம் இறங்கி, ஆர்வம் மட்டும் மிச்சமிருந்தது.

"ஒண்ணு மட்டும் சொல்லும்மா. கேஸுக்கு இல்ல, எனக்கு. கடைசில உங்கிட்டக் கெஞ்சினாரா?"

கஸ்தூரி யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள்.

"போனெல்லாம் பண்ணி முடிச்சப்புறம்தான் சார். அதுவரைக்கும் எங்கிட்ட அதிகாரம்தான். 'எட்றி... போட்றி'ன்னு. எல்லாரும் மாட்டேன்னு சொன்னப்புறம் எம்மூஞ்சியப் பார்த்தாரு. கல்யாணமாகிப் பத்து வருஷத்துல எம்மூஞ்சிய அவரு முழுசாப் பார்த்தது அப்பத்தான்."

"பாவமா இல்ல?"

"இருந்திச்சி." விளக்கைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "பாவமாத்தான் இருந்திச்சி. அதான் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். எழிலுக்குப் பக்கத்துல போய் உக்காரக்கூட என்னைய விடல அவரு."

"அப்ப ஒத்துக்கிற!"

"எதை சார்? பக்கத்துல உக்காந்ததையா?"

ராமதாஸ் பல்லைக் கடித்தார். எழுந்தார்.

"வாய்யா தருமா. ஊசியும் இல்ல, கேஸும் இல்ல."

அப்போதுதான்...

பட்!

கரண்ட் வந்தது!

குழல் விளக்குகள் கண்ணைச் சிமிட்டி, கடை முழுக்க வெள்ளை வெளிச்சத்தைக் கொட்டின. மருந்து அலமாரிகள், காலியான தட்டுகள், பலராமனின் நீலம் பாரித்த முகம்... எல்லாம் பளீரென்று தெரிந்தன.

வாசல் வரை போய்விட்ட ராமதாஸ் கடைசியாக ஒரு முறை திரும்பிப் பார்த்தார்.

கஸ்தூரி குனிந்து விளக்கைத் தூண்டிக்கொண்டிருந்தாள்.

அவள் விரல்களுக்கு நடுவே...

மெல்லிய எஃகு. முழுக்கக் கரி பிடித்துக் கறுத்திருந்தது. அடியில், சுடரின் சூட்டில் பாதி உருகிப்போன நீலப் பிளாஸ்டிக் குமிழ்.



இத்தனை நேரமும்! அந்த ஊசியால் தூண்டிய வெளிச்சத்தில்தான் அந்த ஊசியையே தேடியிருக்கிறார்! 'நல்லாத் தூண்டு' என்று வாயால் வேறு கேட்டிருக்கிறார்!

மெல்ல நடந்து அவள் எதிரே வந்து நின்றார். உள்ளங்கையை நீட்டினார்.

"குடும்மா... அந்த ஊசிய."

கஸ்தூரி நிமிர்ந்தாள். அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சிரித்தாள். கண்ணோரத்தில் ஈரம் மினுங்கியது. மூன்று மாதம் கழித்து, கிணற்றில் தண்ணீர்!

ஊசியைத் தன் உள்ளங்கைக்குள் வைத்து இறுக மூடிக்கொண்டாள்.

"என்ன சார் நீங்க, ரூல்ஸ் தெரியாதா?" என்றாள். "விளக்கு வச்சாச்சு. காலையில வாங்க!"