முதுகுக்கு முதுகு

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்ததும் நாம்ஹீக்கு முதலில் உறைத்தது அந்த அமைதிதான். புத்தாண்டுக்கு முந்தின நாள் மத்தியானம். கொரியாவின் குன்சான் நகரத்துப் பெண்களில் பாதிப் பேர் ஏதாவது ஒரு குளியலகத்தில்தான் இருப்பார்கள். இங்கேயும் ஒரு கூட்டமே இருந்தது. இத்தனை பெண்கள் சேர்ந்து குளிக்கிற இடத்தில், அதுவும் பண்டிகைக்கு முதல் நாள், எத்தனை மாமியார்களின் தலை உருள வேண்டும்! ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. தண்ணீர் மொண்டு ஊற்றும் சத்தம், துணி தோலில் உரசும் சரக் சரக், கூரையில் திரண்ட ஆவி சொட்டுச் சொட்டாகத் தரையில் விழும் சத்தம். அவ்வளவுதான்.

எல்லோரும் சுவரோரம் தாழ்வான பிளாஸ்டிக் ஸ்டூல்களில், கண்ணாடியைப் பார்த்தபடி வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு கண்ணாடி, எல்லாம் ஆவி படிந்து வெளுத்துக் கிடந்தன. வாசலில் நிற்கிறவளுக்குத் தெரிந்ததெல்லாம் முதுகுகள் மட்டும். தேய்த்துத் தேய்த்துச் சிவந்து, பளபளவென்று, ஒரு மச்சம் இல்லாமல், ஒரு பரு இல்லாமல், வயதான தோலுக்குரிய ஒரு சுருக்கம்கூட இல்லாமல். இவ்வளவு சுத்தமான பெண்கள் நடுவில் நான் எங்கே வந்தேன் என்று நாம்ஹீக்குக் கூச்சமாகிவிட்டது. துண்டை இழுத்து முதுகை மூடிக்கொண்டாள்.

"அம்மா, வழுக்குது," என்றாள் போமி. ஆறு வயது. முன்பல் இரண்டும் இல்லை. "வாழப்பழப் பால் எப்போ?"

"குளிச்சு முடிச்சதும்."

"முன்னாடியே குடிச்சா என்ன?"

"முன்னாடியே குடிச்சா அது வெறும் பால். அழுக்கு போனதுக்கு அப்புறம் குடிச்சாதான் ருசி."

அதை நாம்ஹீ யாரோ சொல்லிக் கேட்டதுதான். முப்பத்தாறு வயதில் அவள் பொதுக் குளியலகத்துக்குள் கால் வைப்பது இதுவே முதல் தடவை. டிக்கெட் கூண்டுக்குள் இருந்த அம்மாளால் அதை நம்ப முடியவில்லை. "முதல் தடவையா? இத்தனை வருஷம் நிலாவுலயா குடியிருந்தீங்க?" என்று சிரித்தாள். சாவி மாட்டிய வளையத்தைத் தள்ளிவிட்டு, "பிஞ்சுக் கை முதுகுக்கு எட்டாது. உள்ள யாராவது வந்து தேய்ச்சு விடட்டுமான்னு கேப்பாங்க. சரின்னு சொல்லுங்க. அவங்க உங்களுக்கு, நீங்க அவங்களுக்கு. முதுகுக்கு முதுகு. மாட்டேன்னு சொன்னா மூஞ்சில அடிச்ச மாதிரி இருக்கும்," என்று சொல்லியனுப்பினாள்.

நிலாவில் இல்லை. ஏழு வயதில், கொதிக்கிற சோயாக் குழம்பு சட்டியோடு முதுகில் கவிழ்ந்தது. தோளிலிருந்து இடுப்பு வரை சுருங்கி இழுத்த தழும்பு. "நாலு பேர் பாத்தா நாளைக்கு எவன் கட்டிப்பான்?" என்று அம்மா அவளைக் குளியலகம் பக்கமே கூட்டிப்போனதில்லை. கல்யாணம் என்னவோ ஆகிவிட்டது. கணவன் அந்தத் தழும்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை; தொட்டதும் இல்லை. போமி மட்டும் தினமும் அதன்மேல் கையை வைத்துக்கொண்டுதான் தூங்குவாள். மேடு பள்ளமாக இருப்பது அவளுக்குப் பிடிக்கும்.

இன்றைக்கு வந்ததற்குக் காரணம் இரண்டு. வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் அம்மாவோடு குளியலகம் போகிறார்கள் என்று போமி ஒரு வாரமாக மூக்கைச் சிந்தினாள். போதாக்குறைக்கு மாமியார் போனில், "பழைய வருஷத்து அழுக்கோட என் வாசப்படி மிதிக்காத. உன்மேல அந்த மீன் எண்ண வாடை அடிக்குது," என்றாள். அடிக்கத்தான் செய்யும். மீனை அரைத்துப் பொரிக்கும் தொழிற்சாலையில் பண்டிகைக்காக இரண்டு வாரமாக இரட்டை ஷிப்ட். நின்றபடியே தூங்கப் பழகியிருந்தாள். நாளை விடியும் முன்பே மாமியார் வீட்டு அடுப்படியில் முன்னோர் படையலுக்காக மறுபடி நிற்க வேண்டும். எங்கேயாவது ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது. வேறு எதுவும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

வெந்நீர்த் தொட்டியில் காலை விட்டாள். பொசுக்கியது. "ஷிவோன்ஹே," என்று தன்னையறியாமல் முனகினாள். குளுகுளுவென்று இருக்கிறது என்று அர்த்தம். குழம்பு நாக்கைப் பொத்துப்போக வைக்கும்போதும், கொதிநீர் தொடையைச் சிவக்க வைக்கும்போதும், வலிக்கிற தோளை ஒருவர் இன்னும் வலிக்கப் பிடித்துவிடும்போதும் இந்த ஊர்க்காரர்கள் வாயில் வருவது இந்த ஒரு சொல்தான். சுடுகிறது என்பவர் சின்னப்பிள்ளை. வலிக்கிறது என்பவர் நன்றிகெட்டவர். நாம்ஹீ இரண்டில் எதுவாகவும் இருந்து பழக்கமில்லாதவள்.

போமியைப் பக்கத்துத் தண்ணீர்த் தொட்டியில் ஒரு சொம்போடு விளையாட விட்டுவிட்டு, வரிசையில் காலியாக இருந்த ஒரே ஸ்டூலில் போய் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் கண் சொருகியது. இருபுறமும் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. சோப்பு வாடைக்கு அடியில் வேறொரு வாடை இருந்தது. நனைந்த அட்டைப்பெட்டி போல. பழைய வாடை.

"முதுகு தேய்ச்சு விடட்டுமா?"

குரல் பின்னாலிருந்து வந்தது. கரகரப்பான, பிரியமான குரல். ஐம்பது இருக்கலாம், எழுபதும் இருக்கலாம். வெளுத்த கண்ணாடியில் சுருட்டை முடி வைத்த ஒரு நிழல் மட்டும் தெரிந்தது.

"பரவாயில்லக்கா... என் முதுகு கொஞ்சம்..."

"தெரியும். துண்ட எடு."

அதற்குள் துண்டு நழுவியிருந்தது. நாம்ஹீ உடம்பைக் குறுக்கிக்கொண்டு அந்த 'ஐயோ'வுக்காகக் காத்திருந்தாள். தழும்பைப் பார்த்த எல்லோரும் சொல்லும் 'ஐயோ'. வரவில்லை. வெதுவெதுப்பாக ஒரு உள்ளங்கை வந்து தழும்பின் நடுவில் படிந்தது. பெரியவர்களின் கை பட்டு அந்த இடத்துக்கு எத்தனை வருஷம் ஆகிறது? அழுகை வந்துவிடும் போலிருந்தது.

"ரொம்பக் களைச்சுப் போயிருக்க," என்றது குரல்.

"ஆமாக்கா."

சொரசொரப்பான பச்சைத் துணியைக் கையுறை மாதிரி மாட்டிக்கொண்டு அவள் தேய்க்க ஆரம்பித்தாள். மேலிருந்து கீழே. நீளநீளமாக. அழுக்கு திரிதிரியாக உருண்டு வந்தது. "பாரு, நூடுல்ஸ் மாதிரி வருது! ஊருக்கே விருந்து வைக்கலாம்," என்று அவள் சிரிக்க, நாம்ஹீயும் வெட்கத்தோடு சிரித்தாள். மற்றவர்களெல்லாம் அழுக்கைத் தண்ணீர் ஊற்றிச் சாக்கடைக்கு அனுப்புவார்கள் என்பது நாம்ஹீக்குத் தெரியாதா என்ன? இவள் அனுப்பவில்லை. வந்ததையெல்லாம் வழித்து, காலடியில் இருந்த பெரிய பேசினில் போட்டாள். ஒரு திரி கீழே விழுந்தபோது குனிந்து பொறுக்கினாள்.

"குளுகுளுன்னு இருக்கா?"

"இருக்குக்கா."

எரிந்தது. ஆனாலும் சொன்னாள். கை இன்னும் கொஞ்சம் அழுத்தமானது.

"குளுகுளுன்னு இருக்கா, போமி அம்மா?"

"ரொம்ப." சொன்ன பிறகுதான் உறைத்தது. பிள்ளையின் பெயரை இங்கே வந்ததிலிருந்து ஒரு தடவையாவது சொல்லிக் கூப்பிட்டோமா? நினைவில்லை. தூக்கம் கண்ணை அழுத்தியது. கூப்பிட்டிருப்போம் என்று விட்டுவிட்டாள்.

துணி தழும்பின் ஓரத்துக்கு வந்தது. அங்கேயே நின்று நின்று தேய்த்தது. பழைய சுவரொட்டியின் ஓரத்தை நகத்தால் கிளப்புவது போல ஏதோ கிளம்பியது. "அது அழுக்கு இல்லக்கா, தழும்பு," என்றாள் நாம்ஹீ, மன்னிப்புக் கேட்கிற குரலில்.

"எல்லாம் வரும். பொறுமையா உக்காரணும், அவ்வளவுதான்."

நீளமாக ஒன்று உரிந்தது. சத்தம் கேட்டது. வலியில் நாம்ஹீயின் கால்விரல்கள் தரையைப் பற்றின. நிறுத்துங்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"குளுகுளுன்னு இருக்கா?"

"இருக்கு," என்றது வாய்.

அதன் பிறகு வலி குறைந்தது. முதுகு குறைந்தது என்று சொல்வதுதான் சரி. முதலில் தோள்கள் எங்கே என்று தெரியாமல் போனது. அப்புறம் இடுப்பு. இரண்டு வாரமாக விண் விண் என்று தெறித்துக்கொண்டிருந்த குதிகால் வலியும் போனது. குதிகாலும் சேர்ந்து போனதா என்று அவள் குனிந்து பார்க்க நினைத்தாள். குனிய முடியவில்லை. பின்னால் அந்தப் பெண் பேசினில் எதையோ பிசைந்துகொண்டிருந்தாள். மாவு பிசைகிற சத்தம். சப், சப், சப். தட்டுவது. உருட்டுவது. மறுபடி தட்டுவது.

"நெறைய இருக்கு," என்றாள் திருப்தியாக. "தாராளமா ஒரு ஆளுக்கு ஆகும்."

நாம்ஹீ சிரிக்கவில்லை. தண்ணீர்த் தொட்டிப் பக்கம் காதைத் திருப்பினாள். சொம்பு மோதும் சத்தம். போமி ஏதோ பாட்டை முணுமுணுக்கும் சத்தம். இருக்கிறாள். பிள்ளை அங்கேதான் இருக்கிறாள். எழுந்து போய்த் தூக்கிக்கொள்ள வேண்டும். இப்போதே.

"அக்கா, போதும். இப்ப உங்க முதுக நான்..."

"என் முறை ஆயிடுச்சும்மா. ரொம்ப நாள் முன்னாடியே."

பிசைகிற சத்தம் நின்றது.

பின்னால் ஈரத்தரையில் ஒரு காலடி. சப்பென்று. அப்புறம் இன்னொன்று. நடக்கப் பழகுகிற பிள்ளையைப் போலத் தயங்கித் தயங்கி. பிறகு தயக்கமில்லாமல்.

"போமி! போதும் வெளையாண்டது. வா, தல தொவட்டிக்கலாம்."

நாம்ஹீயின் குரல். நாம்ஹீ பேசவில்லை. அவளுடைய குரல்தான், ஆனால் தூங்கி எழுந்த குரல், அலுப்பே இல்லாத குரல். அப்படி அவள் கடைசியாகப் பேசியது எப்போதோ.

"வந்துட்டேம்மா!"

சின்னக் கால்கள் ஓடின. நாம்ஹீக்குப் பின்னால், இரண்டடி தூரத்தில். ஓடாதே, நான் இங்கே இருக்கிறேன். சொல்லப் பார்த்தாள். நாக்கு புரளவில்லை.

"அம்மா, உன் கை சூடா இருக்கு! என்னைத் தூக்குவியா? இடுப்பு வலிக்குதுன்னு சொல்ல மாட்டியே?"

"சொல்ல மாட்டேன். வா."

போமி சிரித்தாள். வயிறு குலுங்கச் சிரிக்கும் சிரிப்பு. இந்த வருஷம் முழுக்க வீட்டில் கேட்காத சிரிப்பு.

அப்போது, ஒரே ஒரு கணம், நாம்ஹீக்கு நிம்மதியாக இருந்தது. நாளை அந்த அடுப்படியில் வேறு யாராவது நின்றுகொள்வார்கள். தொழிற்சாலைக்கு வேறு யாராவது போவார்கள். தான் இப்படியே உட்கார்ந்திருக்கலாம்.

"குளுகுளுன்னு இருக்கா?" என்று காதோரம் கேட்டது குரல், மிகவும் மெதுவாக.

"இருக்கு," என்றாள். இந்த முறை உண்மையாகவே.

சொன்ன மறுகணமே பதறினாள். இல்லை. என் பிள்ளை. என் பிள்ளையைக் கொடு. எழ முயன்றாள். ஸ்டூல் விடவில்லை. பச்சைத் துணி மாட்டிய கை அவளைத் தாண்டி நீண்டு, கண்ணாடிகளின் ஆவியை ஒரே இழுப்பில் துடைத்தது. அவளுடையதை. பக்கத்தில் இருந்தவளுடையதை. அதற்கும் அப்பால் இருந்தவளுடையதை.

தன் கண்ணாடியில் நாம்ஹீ தன் முகத்தைப் பார்த்தாள். கண், மூக்கு, வாய், எல்லாம் இருந்தன.

பக்கத்துக் கண்ணாடியில் முகம் இல்லை. கண் இல்லை. வாய் இல்லை. மார்பும் தொப்புளும் இல்லை. சிவந்து, பளபளவென்று, ஒரு மச்சம்கூட இல்லாத முதுகு. இந்தப் பக்கமும் முதுகு. அந்தப் பக்கமும் முதுகு. அதற்கு அடுத்தவளும். அதற்கும் அடுத்தவளும். வரிசை முடிகிற வரை.

"பின்பக்கம் முடிஞ்சுது," என்றாள் அந்தப் பெண். "இனி முன்பக்கம்."

கதவருகில் கால்கள் நின்றன. கண்ணாடியின் ஓரத்தில் நாம்ஹீ பார்த்தாள். ஒரு பெண்ணின் நிமிர்ந்த இடுப்பில் போமி உட்கார்ந்திருந்தாள். ஏதோ மறந்தவளைப் போலக் கீழே இறங்கினாள். வரிசையைப் பார்த்துத் திரும்பி நின்றாள். ஒவ்வொரு முதுகாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். நாம்ஹீயின் முதுகில் அவள் கண் ஒரு நொடி தங்கியது. அப்புறம் அடுத்ததுக்குப் போய்விட்டது. அங்கே மேடும் இல்லை, பள்ளமும் இல்லை.

பிறகு இரண்டு கைகளையும் வயிற்றின்மேல் சேர்த்து வைத்து, நாம்ஹீ கற்றுக்கொடுத்தபடியே, இடுப்பு வரை குனிந்து வணங்கினாள்.

"புது வருஷத்துல உங்களுக்கெல்லாம் நல்லது நடக்கட்டும், ஆன்ட்டி!"

நாம்ஹீ கத்துவதற்காக வாயைத் திறந்தாள். துணி வந்து வாயில் அழுந்தியது. மேலிருந்து கீழே. நீளமாக.

பெரியவர்கள் பதில் சொல்லும் முன் நகரக் கூடாது என்று பிள்ளை காத்து நின்றாள். வாயில்லாத அந்த வரிசை முழுவதும் ஒன்றாகக் குனிந்து அவளுக்கு வணக்கம் சொன்னது. கடைசியாக உட்கார்ந்தவளும் கூடவே குனிந்தாள்.