வளைவில் ஒரு விளக்கு

டிசம்பர் பிறந்துவிட்டால் ரூபிக்குக் கை பரபரக்கும். சூளகிரியில் அவர்கள் குடியிருந்த லைன் வீடுகளில், வாசலுக்கு ஒரு கிறிஸ்துமஸ் நட்சத்திரம் அவள் கையால்தான் போகும். அம்மா ஜெபசீலியின் கம்பெனியில் வேண்டாம் என்று தூக்கிப்போடும் அட்டையில் செய்வாள். கலர் பேப்பரும் ஜிகினாவும் மட்டும் கடையில் வாங்குவாள்.

இந்த வருடம் ஒரு நட்சத்திரத்துக்கு ஒரு கை கூடுதலாக முளைத்துவிட்டது.

"இது ஸ்டாரா, நண்டா?" என்று கேட்டார் பக்கத்து வீட்டு வெங்கட் மாமா. கேட்டுவிட்டு, அதையே ஆசையாக வாங்கி மாட்டிக்கொண்டார்.

எல்லா வாசலிலும் நட்சத்திரம் ஏறிவிட்டது, கடைசி வீட்டைத் தவிர. அது ரூபியின் தோழி மணிமேகலையின் வீடு.

"மேகலை வீட்டுக்கு வேணாம் ரூபி," என்று அம்மா முன்பே சொல்லியிருந்தாள். "அவங்கப்பா ஆக்சிடென்ட்ல போயி ஆறு மாசம்கூட ஆகல. துக்க வீட்டுல ஒரு வருஷத்துக்குப் பண்டிகை கிடையாது. நாம போயி ஸ்டார் கட்டுனா அவங்களுக்கு மனசு கஷ்டமாயிரும்."

ரூபியும் சரியென்று விட்டுவிட்டாள்.

அன்று சாயங்காலம் குழாயடியில் மணிமேகலை அவளைப் பார்க்காமலே குடத்தைத் தூக்கினாள்.

"மேகலை, எங்கிட்டப் பேச மாட்டியா?"

"எங்க வீட்ட மட்டும் விட்டுட்ட."

"துக்க வீட்டுல கட்டக் கூடாதாம். அம்மா சொன்னாங்க."

"எங்கம்மாவும் அதான் சொல்லுச்சு." மணிமேகலை குடத்தை இறக்கி வைத்தாள். "ஆனா எல்லா வாசல்லயும் வெளிச்சமா இருக்குது. எங்க வாசல் மட்டும் இருட்டு. நான் தனியா உக்காந்து அதையே பாத்துட்டு இருக்கேன்."

ரூபி அவள் பக்கத்தில் வந்தாள். "உங்கம்மா வர்ற வரைக்கும் எங்க வீட்டுல வந்து இரேன்."

"ம்ஹூம். நான் தெரு வளைவுல போயி அம்மாவுக்காக நிக்கணும். கம்பெனி பஸ் மெயின் ரோட்டுலயே எறக்கி விட்டுரும். வளைவுல தெரு லைட் எரியறதில்ல. முன்னாடி அப்பா பைக் லைட்டப் போட்டுட்டு நிப்பாரு. இப்ப அம்மா இருட்டுல தடவிக்கிட்டு வருது. நேத்து கல்லு தட்டி விழுந்துருச்சு."

ரூபிக்கு அன்று சோறு இறங்கவில்லை. நட்சத்திரம் கட்டத்தானே கூடாது? விளக்கு கூடாது என்று யாரும் சொல்லவில்லையே!

மறுநாள் பள்ளி விட்டு வந்ததும் அட்டையில் ஒரு சின்னக் கூண்டு செய்தாள். நான்கு பக்கமும் ஜன்னல் வெட்டினாள். சிவப்புக் காகிதத்தை எடுத்தாள். உடனே கீழே வைத்தாள். ஜிகினாவைத் தொடவே இல்லை. வெறும் வெள்ளைக் காகிதத்தை ஒட்டி, தூக்கிப் பிடிக்கக் கயிறு கட்டினாள். பிறகு தங்கள் வீட்டு நட்சத்திரத்துக்குள் இருந்த பேட்டரி விளக்கைக் கழற்றி உள்ளே வைத்தாள்.

"நம்ம ஸ்டார் இருட்டாயிருச்சேடி!" என்றாள் அம்மா.

"அது பகல்ல தெரியும்மா. இது வளைவுக்கு. மேகலை அம்மா விழாம வரணும்ல?"

அம்மா அந்த வெள்ளைக் கூண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தளர்ந்திருந்த முடிச்சை இறுக்கிக் கொடுத்தாள்.

பொழுது சாய்ந்ததும் தோழிகள் இருவரும் வளைவில் நின்றார்கள். பனி இறங்கியிருந்தது. மெயின் ரோட்டில் பஸ் நின்று கிளம்பியது. இறங்கிய மணிமேகலையின் அம்மா வீரலட்சுமி நாலடி வைத்தாள். வளைவில் வெளிச்சத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"யாரு?" என்று கேட்டாள்.

"நான்தாம்மா!"

வீரலட்சுமி வேகமாக வந்தாள். "ஏதுடி இது? நமக்குப் பண்டிகை இல்லைன்னு சொன்னேன்ல?"

"பண்டிகைக்கு இல்லம்மா. நீ வர்றதுக்கு. ரூபி செஞ்சா."

"ஜிகினாகூட ஒட்டல அத்தை," என்றாள் ரூபி அவசரமாக.

வீரலட்சுமி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அழுது முடித்ததும் அவள் ரூபியின் கன்னத்தைத் தடவினாள்.

மணிமேகலை விளக்கைத் தூக்கிப் பிடித்தபடி முன்னால் நடந்தாள்.

"இங்க கல்லு இருக்குது. பாத்து வாம்மா."